விதி எழுதப் போகும் தம்பிக்கு

ஆர்லிங்டன், வர்ஜீனியா

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அத்தானும் பிள்ளைகளும் நலம். அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று சித்தி சொன்னாள். நீ லீவு போட்டுக் கூடவே இருந்தாயாம். கேட்டதும் மனசு லேசானது.

நம் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் விதிகளை வரைவு செய்யும் பிரிவுக்கு உன்னை மாற்றியிருக்கிறார்கள், இனி ஒவ்வொரு புது விதியோடும் செலவு-பலன் கணக்கு ஒன்றை நீ சேர்த்து வைக்க வேண்டும் என்று சொன்னாய். அமெரிக்காவில் இதை எப்போதோ ஆரம்பித்துவிட்டார்களே, நல்ல மாதிரிப் படிவம் ஒன்று அனுப்பு என்றும் கேட்டாய். அனுப்புகிறேன். ஆனால் அந்தப் படிவம் எப்படிப் பிறந்தது, எந்த வழக்குகளில் அடிபட்டு இந்த வடிவத்துக்கு வந்தது என்று தெரியாமல் நீ அதை நிரப்ப உட்காரக் கூடாது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்குப் போட வேண்டும். ஊரார் பணத்தைத் தொடும் எந்த விதியையும், அதனால் யாருக்கு என்ன ஆகும் என்று பார்க்காமல் எழுதுவது தவறு. ஆனால் எண்ணாக எழுத முடிந்தது மட்டும்தான் உண்மை, எழுத முடியாதது பூஜ்யம் என்று யாராவது அந்தக் கணக்கைப் படித்தால் அது அநியாயத்துக்குத் துணைபோகும். இந்த நாட்டில் நிதித் துறை விதிகளுக்கு அப்படி நடந்திருக்கிறது. உன் மேசையில் அது நடக்கக் கூடாது.

இந்தக் கணக்கு நிதித் துறைக்காக உண்டானது அல்ல. 1936இல் வெள்ளத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தபோது, அணையோ கரையோ கட்டுவதால் வரும் பலன், அது யாருக்குப் போய்ச் சேர்ந்தாலும் சரி, செலவைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் எழுதி வைத்தது. 1981 பிப்ரவரியில் ரீகன் ஓர் ஆணை போட்டு, அரசுத் துறைகளின் பெரிய விதிகள் எல்லாவற்றுக்கும் இதைக் கட்டாயமாக்கினார். தொழிற்சாலைக்காரர்களைக் காப்பாற்றும் தந்திரம் இது என்று அன்றைக்குப் பலர் கொதித்தார்கள். ஆனால் அதே ரீகன் காலத்தில், 1985இல், பெட்ரோலில் ஈயம் கலப்பதைச் சுற்றுச்சூழல் துறை பெருமளவு குறைக்கக் காரணமாக இருந்தது இந்தக் கணக்குதான். குழந்தைகளின் ரத்தத்தில் ஏறும் ஈயத்தையும் அதனால் வரும் கேட்டையும் எண்ணிப் பார்த்தபோது, சுத்திகரிப்பு ஆலைகளின் செலவைவிடப் பலன் பல மடங்கு என்று தெரிந்தது. ஆகவே கணக்கு என்றாலே முதலாளி பக்கம் என்று நினைத்துவிடாதே. நன்றாகப் போட்ட கணக்கு ஏழைக் குழந்தையின் பக்கமும் நிற்கும்.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் எஸ்.இ.சி. போன்ற தன்னாட்சி ஆணையங்களை ரீகனின் ஆணை தொடவில்லை. அவற்றுக்கு இந்தக் கடமை வேறு வழியில் வந்தது. 1996இல் வந்த ஒரு சட்டம், விதி எழுதும்போது முதலீட்டாளர் பாதுகாப்போடு சேர்த்துத் திறன், போட்டி, மூலதனத் திரட்டல் ஆகிய மூன்றையும் கருத்தில் கொள் என்று எஸ்.இ.சி.யிடம் சொன்னது. செலவையும் பலனையும் டாலரில் எழுதிக் கழித்துக் காட்டு என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இலிருந்து விதிகளைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தது.

முதலில் அடிபட்டது மியூச்சுவல் ஃபண்ட் விதி. 2003இல் சில ஃபண்டுகள் தங்களுக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் சலுகை கொடுத்து, நேரம் முடிந்த பிறகும் வாங்கல் விற்றல் செய்ய விட்ட ஊழல் வெளிவந்தது. அதனால் ஃபண்டின் இயக்குநர் குழுவில் நான்கில் மூன்று பேரும் தலைவரும் வெளியாட்களாக இருக்க வேண்டும் என்று எஸ்.இ.சி. விதித்தது. அதற்கு ஆகும் செலவை நீ மதிப்பிடவே இல்லை என்று 2005 ஜூன் 21இல் நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. அப்போதைய தலைவர் வில்லியம் டொனால்ட்சன் பதவி விலகும் தறுவாயில் இருந்தார். எட்டே நாளில் அதே விதியை ஆணையம் மறுபடி நிறைவேற்றியது. அடுத்த வருஷம் அதையும் நீதிமன்றம் தள்ளிவிட்டது. அவசரம் எப்போதும் எதிராளிக்குத்தான் உதவும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நீ முழுக்கத் தெரிந்துகொள்ள வேண்டியது 2011இல் வந்த தீர்ப்பு. ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் இதைப் பாடமாக எடுக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்து சண்டை போடுகிறார்கள்.

அமெரிக்க நிறுவனங்களில் இயக்குநர் தேர்தல் எப்படி நடக்கும் தெரியுமா? வாக்குச்சீட்டை அச்சடித்து அனுப்புவது நிர்வாகம். அதில் இருக்கும் பெயர்களும் நிர்வாகம் போட்ட பெயர்கள். ஒரு பங்குதாரர் வேறு ஆளை நிறுத்த வேண்டுமானால், சொந்தச் செலவில் தனிச் சீட்டு அடித்து, எல்லோருக்கும் அனுப்பி, வக்கீல் வைத்துப் போராட வேண்டும். நிர்வாகமோ கம்பெனிப் பணத்தில், அதாவது அதே பங்குதாரரின் பணத்தில், எதிர்த்து நிற்கும். 2008இல் வங்கிகள் கவிழ்ந்தபோது, இந்த இயக்குநர்கள் எல்லாம் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று நாடே கேட்டது. 2010இல் வந்த டாட்-ஃபிராங்க் சட்டம், பங்குதாரர்களின் வேட்பாளரைக் கம்பெனியின் சீட்டிலேயே சேர்க்கும்படி விதி போட எஸ்.இ.சி.க்கு வெளிப்படையாக அதிகாரம் கொடுத்தது. அந்த ஆகஸ்டில் ஆணையம் 3க்கு 2 என்ற வாக்கில் விதியை நிறைவேற்றியது: 3 சதவீதப் பங்கை 3 வருஷம் தொடர்ந்து வைத்திருப்பவர்கள், தனியாகவோ சேர்ந்தோ, குழுவில் கால்பங்கு இடம் வரைக்கும் ஆள் நிறுத்தலாம்.

பெரிய கம்பெனித் தலைவர்களின் சங்கமான பிசினஸ் ரவுண்ட்டேபிளும் வணிகச் சபையும் வழக்குப் போட்டன. அவர்களுக்காக நின்றவர் யூஜின் ஸ்காலியா. 2011 ஜூலை 22இல் நீதிபதி டக்ளஸ் கின்ஸ்பர்க் எழுதிய தீர்ப்பு விதியை ரத்து செய்தது. மூன்று நீதிபதிகளும் ஒருமனம்.

தீர்ப்பில் ஒரு குற்றச்சாட்டு சரியானது, அதை மறைக்கக் கூடாது. பலனைச் சொல்லும்போது இந்த வழியைப் பங்குதாரர்கள் அடிக்கடி பயன்படுத்துவார்கள் என்று ஆணையம் எடுத்துக்கொண்டது. செலவைச் சொல்லும்போது அபூர்வமாகத்தான் பயன்படுத்துவார்கள் என்று எடுத்துக்கொண்டது. இரண்டு பக்கத்துக்கும் இரண்டு அனுமானம் வைத்தால் அது கணக்கே இல்லை. இப்படி ஒரு ஓட்டையை எதிர்க்கட்சி வக்கீலுக்குக் கொடுத்தது ஆணையத்தின் குற்றம்.

ஆனால் தீர்ப்பு அதோடு நிற்கவில்லை. வேட்பாளரை எதிர்க்கக் கம்பெனிகள் எவ்வளவு செலவழிக்கும் என்று நீ எண்ணவில்லை, தொழிற்சங்கங்களின் ஓய்வூதிய நிதிகள் இதை வைத்து மிரட்டினால் ஆகும் செலவைப் பார்க்கவில்லை, புது இயக்குநரால் கம்பெனி நன்றாக நடக்கும் என்பதற்கு நீ காட்டிய ஆய்வுகள் போதாது என்றது. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அந்த விதி ஒரு கம்பெனியில்கூட நடைமுறைக்கு வரவில்லை. வராத ஒன்றின் விளைவை எந்த ஆய்வு சொல்லும்? இருந்த ஆய்வுகள் இரண்டு பக்கமும் இருந்தன. அவற்றில் எதற்கு எடை அதிகம் என்று முடிவு செய்யத்தான் நாடாளுமன்றம் ஐந்து பேர் கொண்ட ஆணையத்தை வைத்திருக்கிறது. அந்த வேலையை மூன்று நீதிபதிகள் எடுத்துக்கொண்டார்கள். எஸ்.இ.சி. மேல்முறையீடு செய்யாமல் ஒதுங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. நியூயார்க் நகரத்தின் கணக்கு அதிகாரி ஸ்காட் ஸ்டிரிங்கர், நகர ஊழியர்களின் ஓய்வூதிய நிதிகளைக் கையில் வைத்துக்கொண்டு, 2014 இறுதியில் 75 கம்பெனிகளுக்கு ஒரே நேரத்தில் தீர்மானம் அனுப்பினார்: அதே 3 சதவீதம், அதே 3 வருஷம். பங்குதாரர்கள் வாக்களித்தார்கள். சில வருஷங்களில் எஸ் அண்ட் பி 500 பட்டியலில் பெரும்பாலான கம்பெனிகள் தாங்களாகவே அந்த வழியைத் திறந்துவிட்டன. வழக்குப் போட்டவர்கள் பயமுறுத்திய சண்டை வெள்ளம் வந்ததா? இல்லை. 2016 நவம்பரில்தான் முதல் தடவையாக ஒருவர் அந்த வழியில் ஆள் நிறுத்தினார். அதுவும் நிற்கவில்லை, வாபஸ் வாங்கப்பட்டது. அதற்குப் பிறகும் விரல்விட்டு எண்ணும் அளவுதான். கம்பெனிகள் எழுதிக்கொண்ட விதியில், 20 பேருக்கு மேல் ஒன்றுசேரக் கூடாது என்பது போன்ற முட்டுக்கட்டைகள் இருந்தன, அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் யோசித்துப் பார். நீதிமன்றம் கேட்ட எண்களை 2010இல் யாராவது எழுதியிருந்தால், செலவுப் பக்கமும் தப்பாகியிருக்கும், பலன் பக்கமும் தப்பாகியிருக்கும். அந்தத் தப்பான எண்களோடு விதி பிழைத்திருக்கும். எண்ணில்லாமல் உண்மையைச் சொன்னதால் செத்தது.

கம்பெனிகளின் பயம் எப்போதுமே பொய் என்று எண்ணிக்கொள்ளாதே. என்ரான், வேர்ல்ட்காம் மோசடிகளுக்குப் பிறகு 2002இல் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டத்தில், கம்பெனியின் உள் கட்டுப்பாடுகளைச் சோதித்து அறிக்கை தர வேண்டும் என்று ஒரு பிரிவு உண்டு. 2003இல் எஸ்.இ.சி. அதற்குக் கம்பெனிக்குச் சராசரியாக 91,000 டாலர் ஆகும் என்றது. இரண்டு வருஷம் கழித்து நிதி அதிகாரிகளின் சங்கம் பெரிய கம்பெனிகளைக் கேட்டபோது, முதல் வருஷச் செலவு சராசரியாக 43 லட்சம் டாலருக்கு மேல் என்று வந்தது. தணிக்கையாளர் கட்டணத்தை எஸ்.இ.சி.யின் மதிப்பீடு கணக்கில் எடுக்கவில்லை என்று சொல்வார்கள். சிறு கம்பெனிக்காரனுக்கு அந்தச் சமாதானத்தால் என்ன லாபம்? எதிர்த்து எழுதுகிறவன் தன் லாபத்துக்காகத்தான் எழுதுவான். ஆனாலும் அவன் சொல்வதில் உண்மை இருக்கலாம். அதனால் ஒவ்வொரு செலவு மதிப்பீட்டையும் வாங்கிப் படி, அதன் பின்னால் இருக்கும் பட்டியலைக் கேள். தர மறுத்தால், தரவில்லை என்பதையும் விதியோடு சேர்த்து வெளியிடு.

பெட்ரோலில் ஈயத்தைக் குறைத்தால் ரத்தத்தில் ஈயம் குறையும். ரத்தம் ஏமாற்றாது, மாற்று வழி தேடாது. பணம் தேடும். ஒரு கதவை அடைத்தால் மறுநாள் வேறு பெயரில் வேறு கதவு திறக்கும். நேற்றைய புள்ளிவிவரம் நாளைய சந்தைக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். ஹார்வர்ட் சட்டப் பேராசிரியர் ஜான் கோட்ஸ் 2015இல் ஆறு நிதி விதிகளை எடுத்து, டாலர் கணக்கு முழுசாகப் போட முடியுமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். இன்றைய அறிவைக் கொண்டு முடியாது, போடுவதெல்லாம் ஊகம்தான் என்ற முடிவுக்கு வந்தார். சிகாகோவின் எரிக் போஸ்னர், கிளென் வெய்ல் போன்றவர்கள் முடியும் என்று வாதாடினார்கள். இரண்டு பக்கத்தையும் படித்தேன். நான் கோட்ஸ் பக்கம்.

வங்கிகள் கூடுதல் மூலதனம் வைக்க வேண்டும் என்ற விதியைப் பார். செலவு தெரியும்: கடன் வட்டி சற்று ஏறும், அதை வங்கியே எண்ணிக் கொடுக்கும். பலன் என்ன? அடுத்த நெருக்கடி வரும் வாய்ப்பு கொஞ்சம் குறையும். 2008 நெருக்கடியால் உலகம் இழந்த உற்பத்தி 60 லட்சம் கோடி டாலரிலிருந்து 200 லட்சம் கோடி டாலர் வரை இருக்கலாம் என்று இங்கிலாந்து வங்கியின் ஆண்ட்ரூ ஹால்டேன் 2010இல் மதிப்பிட்டார். அந்த வீச்சைப் பார்த்தாயா? மேல் எண் கீழ் எண்ணைவிட மூன்று மடங்குக்கும் அதிகம். இதை, விதியால் நெருக்கடியின் வாய்ப்பு எத்தனை சதவீதம் குறையும் என்ற இன்னொரு எண்ணால் பெருக்க வேண்டும். அந்த எண் உலகத்தில் யாரிடமும் இல்லை. ஒன்று என்று வைத்தால் ஒரு விடை, கால் என்று வைத்தால் வேறு விடை. இதற்கு ஒற்றை எண்ணைக் கேட்பவர் அறிவியல் கேட்கவில்லை, விதி வேண்டாம் என்கிறார்.

2016 மார்ச்சில் மெட்லைஃப் காப்பீட்டு நிறுவனம் இதே வழியில் ஜெயித்தது. ஏ.ஐ.ஜி. என்ற காப்பீட்டு நிறுவனம் கவிழ்ந்தால் ஊரே கவிழும் என்று 2008இலிருந்து அரசு ஒதுக்கிய தொகை சுமார் 18,200 கோடி டாலர். பணம் பின்னால் திரும்பி வந்தது, ஆனால் அன்றைக்கு அது வருமா என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பாடத்தை வைத்து, மெட்லைஃபையும் கூடுதல் கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்று நிதி நிலைத்தன்மைக் குழு 2014இல் முடிவு செய்தது. கண்காணிப்பால் மெட்லைஃபுக்கு ஆகும் செலவை நீ எண்ணவில்லை என்று நீதிபதி ரோஸ்மேரி காலியர் அந்த முடிவை ரத்து செய்தார். டிரம்ப் அரசு மேல்முறையீட்டைக் கைவிட்டது. 2023இல் கம்பெனிகள் தங்கள் பங்கைத் தாங்களே திரும்ப வாங்குவது பற்றிய வெளிப்படுத்தல் விதிக்கும் டெக்சஸ் பக்கத்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அதே கதிதான்: கணக்கைச் சரிசெய்ய 30 நாள் கொடுத்தார்கள், ஆணையத்தால் முடியவில்லை, டிசம்பரில் விதி போயிற்று. 2025 பிப்ரவரியில் டிரம்ப் போட்ட ஆணையால் இப்போது எஸ்.இ.சி. விதிகளும் முதலில் வெள்ளை மாளிகையின் பார்வைக்குப் போக வேண்டும்.

எல்லா நீதிமன்றமும் எல்லா நாளும் இப்படி இருந்ததில்லை. காங்கோவில் ஆயுதக் குழுக்களுக்குப் பணம் போகும் கனிமங்களைக் கம்பெனிகள் பயன்படுத்துகின்றனவா என்று வெளியிட வேண்டும் என்ற விதிக்கு, முதலில் ஆகும் செலவு 300 முதல் 400 கோடி டாலர் என்று எஸ்.இ.சி. நேர்மையாக எழுதியது. பலனாக நாடாளுமன்றம் நினைத்தது உயிர்களும் அமைதியும். அவற்றை எங்களால் எண்ணாக மாற்ற முடியாது என்றும் அப்படியே எழுதியது. 2014இல் அதே வாஷிங்டன் நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. வேறொரு காரணத்தால் விதியின் ஒரு பகுதி அடிபட்டது, ஆனால் கணக்கு விஷயத்தில் ஆணையம் ஜெயித்தது. முடியாது என்பதை முதலிலேயே, காரணத்தோடு எழுதினால் அது நிற்கும். உனக்கு இது முக்கியம்.

நன்றாகச் செய்தவர்கள் யார் என்று கேட்டால் பிரிட்டனைக் காட்டுவேன். அங்கே சம்பள நாள் வரைக்கும் கைமாற்றாகக் கொடுக்கும் சிறு கடன் கம்பெனிகள் ஏராளமாகப் பெருகின. நம்மூர் கந்து வட்டிக்கு இணையம் வைத்தது போல. வட்டிக்கு உச்சவரம்பு போட வேண்டிய கடமை, நிதித் துறையைக் கண்காணிக்கும் எஃப்.சி.ஏ. ஆணையத்துக்கு வந்தது. உச்சவரம்பு போட்டால் கடனே கிடைக்காமல் ஏழைகள் தெருவில் திரியும் கள்ள வட்டிக்காரனிடம் போவார்கள் என்று கம்பெனிகள் சொல்லின. எந்த ஊரிலும் சொல்லும் வாதம்தான், ஆனால் அலட்சியம் செய்யக்கூடிய வாதமில்லை. ஆணையம் கம்பெனிகளிடமிருந்தே கடன் பதிவுகளை வாங்கி, கடன் கிடைத்தவர்களும் நூலிழையில் கிடைக்காமல் போனவர்களும் பிறகு எப்படி ஆனார்கள் என்று ஒப்பிட்டது. இறுதி விதியால் சுமார் 70,000 பேருக்குக் கடன் கிடைக்காமல் போகும் என்று தானே வெளிப்படையாக எழுதியது. அவர்களுக்கு அந்தக் கடன் இல்லாமல் இருப்பதே மேல் என்ற தன் முடிவையும் எழுதியது. 2015 ஜனவரியிலிருந்து ஒரு நாளுக்கு 0.8 சதவீதத்துக்கு மேல் கூடாது, வாங்கிய தொகைக்கு மேல் இன்னொரு மடங்குக்கு அதிகமாக எக்காலத்திலும் கட்டவே வேண்டாம் என்று விதி வந்தது. 2017இல் திரும்பிப் பார்த்தது: 7,60,000 பேர் வருஷத்துக்கு 15 கோடி பவுண்டு மிச்சப்படுத்துகிறார்கள், கடன் மறுக்கப்பட்டவர்கள் கள்ள வட்டிக்குப் போனதற்குச் சான்று இல்லை. முன்கூட்டிக் கணக்கு, யாருக்கு நஷ்டம் என்ற ஒப்புதல், பிறகு சோதனை. இந்த மூன்றாவதைத்தான் எல்லா நாட்டிலும் விட்டுவிடுகிறார்கள்.

இனி உன் அலுவலகப் பிரச்சினைக்கு வருகிறேன். 2024 செப்டம்பரில் உங்கள் அலுவலகம் வெளியிட்ட எஃப் அண்ட் ஓ, அதாவது ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வணிகம் பற்றிய ஆய்வை இங்கே என் மாணவர்களுக்குக் கொடுத்தேன். மூன்று நிதியாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேலான தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அவர்களில் முக்கால்வாசிப் பேரின் வருட வருமானம் 5 லட்சத்துக்குக் கீழ். அக்டோபரில் ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச அளவை 15 லட்சமாக உயர்த்தி, வாரக் காலாவதியை ஒவ்வொரு சந்தைக்கும் ஒன்று என்று குறைத்தீர்கள்.

என் வகுப்பில் கெட்டிக்காரப் பையன் ஒருவன் எழுந்து, பாடநூல்படி இந்த 1.8 லட்சம் கோடி சமுதாயத்துக்கு நஷ்டமே இல்லை என்றான். ஒருவர் இழந்ததை இன்னொருவர் பெற்றார், கூட்டினால் பூஜ்யம், புரோக்கர் கட்டணமும் வரியும் மட்டும்தான் கணக்கில் வரும் என்றான். பாடநூல் அப்படித்தான் சொல்கிறது. பெற்றவர்கள் யார் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது: 2023-24இல் சொந்தக் கணக்கில் வணிகம் செய்யும் நிறுவனங்களின் மொத்த லாபம் 33,000 கோடி, வெளிநாட்டு நிதி நிறுவனங்களின் லாபம் 28,000 கோடி. திருப்பூரில் தறி ஓட்டுகிறவரின் சேமிப்பு கணினி நிரல் ஓட்டும் நிறுவனத்துக்குப் போனால், கூட்டல் கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. அந்த வீட்டில் எல்லாம் நடந்துவிட்டது. கூட்டுத்தொகையை மட்டும் காட்டும் பட்டியலை நீ ஒருநாளும் மேலே அனுப்பாதே. யாரிடமிருந்து, யாருக்கு என்று இரண்டு பத்தி தனியாக வை. மேலதிகாரி எடுத்துவிடச் சொன்னாலும் வாதாடு.

2025 ஜூலையில் உங்கள் அலுவலகமே மறுபடி ஒரு ஆய்வு வெளியிட்டது: 2024-25இல் 91 சதவீதம் பேருக்கு நஷ்டம், தொகை 74,812 கோடியிலிருந்து 1,05,603 கோடிக்கு ஏறியிருந்தது. விதி வந்த பிறகும் நஷ்டம் ஏறியதே என்று பத்திரிகைகள் எழுதின. அந்த ஆண்டின் முதல் பாதி விதிக்கு முந்தியது என்பது வேறு. தனக்குச் சாதகமில்லாத எண்ணைத் தானே வெளியிட்ட அந்தச் செயலை நான் இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். அதை விட்டுவிடாதீர்கள்.

நம் நாட்டில் 2013இலேயே நீதிபதி பி.என்.ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான நிதித் துறைச் சட்டச் சீர்திருத்த ஆணையம், ஒழுங்குமுறை அமைப்புகள் செலவு-பலன் ஆய்வு செய்தே விதி போட வேண்டும் என்றது. 2025 மே மாதம் ரிசர்வ் வங்கியும் தன் விதிகளுக்குத் தாக்க ஆய்வு, முடிந்த அளவுக்கு, செய்வோம் என்றும் கருத்துச் சொல்லக் குறைந்தது 21 நாள் கொடுப்போம் என்றும் அறிவித்தது. முடிந்த அளவுக்கு என்ற அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. அமெரிக்காவில் அந்த அடக்கத்தை நீதிமன்றங்கள் பிடுங்கிவிட்டன.

நான் அனுப்பும் படிவம், 2011 தோல்விக்குப் பிறகு 2012 மார்ச்சில் எஸ்.இ.சி. தன் ஊழியர்களுக்கு எழுதிக்கொண்ட வழிகாட்டி. விதி ஏன் தேவை, இப்போது நிலைமை என்ன, வேறு என்ன வழிகள் உண்டு, ஒவ்வொன்றின் செலவும் பலனும் என்ன என்று நான்கு கேள்வி. பொருளாதாரம் படித்தவர்களை விதி எழுதி முடித்த பிறகு கூப்பிடாதே, முதல் நாளே கூட்டி உட்கார வை என்றும் அதில் இருக்கிறது. எழுதி முடித்த விதிக்கு ஏற்றாற்போல் கணக்குச் சோடிக்கும் பழக்கம் எல்லா அலுவலகத்திலும் உண்டு. நீ அதற்குக் கையெழுத்துப் போடாதே. இரண்டு சேர்க்கையை என் பங்குக்குச் சொல்கிறேன். எண்ண முடியாத பலன் எதுவோ அதற்கு ஒரு வரி ஒதுக்கி, ஏன் எண்ண முடியவில்லை என்று எழுது. அந்த இடத்தைக் காலியாக விடாதே. விதிக்குள்ளேயே திரும்பிப் பார்க்கும் தேதியைப் போடு. எந்தப் புள்ளிவிவரத்தை வைத்துப் பார்ப்பாய் என்பதையும் இன்றே எழுதி வை. பிறகு ஆளுக்கொரு அளவுகோல் கொண்டுவருவார்கள்.

பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் நாட்களில் உன் மேசைக்கு வரும் கடிதங்கள் புரோக்கர் சங்கத்திலிருந்தும், சந்தைகளிலிருந்தும், பெரிய வக்கீல் அலுவலகங்களிலிருந்தும்தான் வரும். நல்ல தாளில், அட்டவணையோடு வரும். கல்லூரிக் கட்டணத்தை ஆப்ஷனில் விட்ட பையன் எழுத மாட்டான்; வெட்கத்தில் வீட்டுக்கே சொல்லியிருக்க மாட்டான். ஆகவே நீ போய்க் கேள். திருப்பூருக்கும் சேலத்துக்கும் தேனிக்கும் ஆள் அனுப்பு, அவர்கள் சொன்னதைத் தமிழிலேயே பதிவு செய்து, கம்பெனிகளின் கடிதங்கள் இருக்கும் அதே கோப்பில் வைக்கச் சொல். உன் முதல் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வரும் நாளில் எனக்குத் தகவல் சொல். நானும் என் கருத்தை எழுதி அனுப்புகிறேன். அக்கா என்று பார்க்காமல் மற்றவர்கள் கடிதத்தைச் சோதிப்பது போலவே அதையும் சோதி.

அம்மாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுவிடு.

அன்புடன்,
அக்கா